முத்திரை-சுண்ண வாழ்த்தட்டை

முத்திரை-சுண்ண வாழ்த்தட்டை என்பது ரப்பர் முத்திரையினால் உருவத்தை அச்சிட்டு, வண்ணச் சுண்ணப்பொடியினால் நிறமூட்டிக் கையால் செய்யப்படும் வாழ்த்தட்டை வகை ஆகும். வட அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் கிறித்துமசு, ஆங்கிலப் புத்தாண்டு ஆகிய நாட்களை ஒட்டி உறவினருக்கும் நண்பருக்கும் அஞ்சலில் அனுப்புவதற்காக இவை வீடுகளில் செய்யப்படுகின்றன. பனி மூடிய குன்றுகள், ஊசியிலை மரங்கள், நிலவு, சிவந்த சிறு பறவை, பனிச்சீவல் ஆகியன இவற்றில் வழமையாகக் காணப்படும் காட்சிகள். சமயச் சார்பற்ற பொதுவான குளிர்கால வாழ்த்தாகவும் இவ்வட்டைகள் அனுப்பப்படுகின்றன.

இக்கட்டுரையில் முத்திரை என்பது மை தோய்த்துத் தாளில் பதிக்கும் ரப்பர் அச்சினைக் குறிக்கும். இலங்கை வழக்கில் முத்திரை எனப்படும் அஞ்சல்தலையை அன்று. அதேபோல் சுண்ணம் என்பது பள்ளிக் கரும்பலகையில் எழுதும் சாக்பீஸை ஒத்த, ஆனால் நிறமி மிகுந்த, மென்மையான வண்ணக்கட்டியைக் குறிக்கும்.

இம்முறை முழுவதும் ஓர் எளிய இயல்பில் தங்கியுள்ளது. சுண்ணப்பொடியில் தன்னைத் தாளுடன் பிணைத்துக்கொள்ளும் பொருள் மிகக் குறைவு. கோலமாவு தரையில் கிடப்பது போலவே அது தாளின் மேல் கிடக்கின்றது. அதை எவ்விடத்தில் ஒட்டவைப்பது, எவ்விடத்தில் ஒட்டாமல் தடுப்பது என்பதை முத்திரையின் மை தீர்மானிக்கின்றது. இதைப் புரிந்துகொண்டால் செய்முறையின் ஒவ்வொரு படிக்கும் காரணம் விளங்கும். புரிந்துகொள்ளாமல் படிகளை மட்டும் பின்பற்றினால், பெறுநர் உறையைத் திறக்கும்போது படம் உறையின் உட்புறத்தில் ஒட்டியிருப்பதைக் காண நேரும்.

வரலாறு

அச்சிட்டு விற்கப்பட்ட முதல் கிறித்துமசு வாழ்த்தட்டை 1843ஆம் ஆண்டு இலண்டனில் வெளிவந்தது. என்றி கோல் என்பவர் கேட்டுக்கொண்டதற்கு இணங்க ஓவியர் ஜான் கால்காட் ஹார்ஸ்லி அதனை வரைந்தார். சுமார் 1000 படிகள் கல்லச்சில் அச்சிடப்பட்டு, ஒவ்வொன்றும் கையால் வண்ணம் தீட்டப்பட்டது. ஆகவே வாழ்த்தட்டையின் தொடக்கத்திலேயே "கோடு அச்சில், நிறம் கையில்" என்ற பகுப்பு இருந்தது எனலாம். விலை ஒரு சில்லிங். அக்காலத் தொழிலாளர்களுக்கு இது பெருந்தொகை ஆகும். 1840இல் நடைமுறைக்கு வந்த ஒரு பென்னி அஞ்சல் திட்டத்தை உருவாக்குவதில் பங்கு கொண்டவர்களுள் கோலும் ஒருவர் என்பது குறிப்பிடத்தக்கது. அஞ்சல் கட்டணம் குறைந்திராவிடில் வாழ்த்தட்டை ஒரு வழக்கமாகப் பரவியிருக்க வாய்ப்பில்லை.

பின்னர் பல வண்ணக் கல்லச்சு வளர்ச்சியடைந்ததும் கையால் நிறமூட்டும் வேலை மறைந்தது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரின் லூயி பிராங் 1870களில் தரமான வண்ண அட்டைகளைப் பெருமளவில் அச்சிட்டார். 20ஆம் நூற்றாண்டில் பெரிய நிறுவனங்கள் இத்தொழிலைக் கைக்கொண்டன. கையால் செய்த அட்டை பள்ளிச் சிறாரின் வேலையாகக் கருதப்படும் நிலை உருவானது.

ரப்பர் முத்திரையின் வரலாறு வேறு வழியில் வந்தது. இயற்கை ரப்பர் வெப்பத்தில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கி இக்குறையைப் போக்கும் வல்கனாக்கம் என்னும் முறைக்குச் சார்லசு குட்இயர் 1844இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். அக்காலப் பல் மருத்துவர்கள் செயற்கைப் பற்களைப் பொருத்தும் அடித்தட்டுகளை ரப்பரில் செய்துவந்தனர். அதற்காக அவர்களிடம் இருந்த சிறு வல்கனாக்கக் கலன்களே 1860களில் ரப்பர் முத்திரைகளைச் செய்யவும் பயன்பட்டன. நூறு ஆண்டுகளுக்கு மேலாக ரப்பர் முத்திரை என்றாலே அலுவலகமும் அதிகாரியும்தான் நினைவுக்கு வந்தனர். செருமானியக் கலைஞர் குர்த் சுவிட்டர்சு 1919இல் அலுவலக முத்திரைகளைத் தம் படங்களில் பதித்தது இவ்வழக்கத்திலிருந்து வேண்டுமென்றே விலகிய செயலாகும். நியூயார்க்கைச் சேர்ந்த ரே ஜான்சன் முதலிய அஞ்சற்கலை இயக்கத்தினரும் கடிதங்களிலும் உறைகளிலும் முத்திரைகளைப் பயன்படுத்தினர்.

வீட்டுப் பொழுதுபோக்காக இது அமெரிக்காவில் வேரூன்றியது 1980களில் ஆகும். ரப்பர் முத்திரைக் கலைக்கென்றே 1980இல் ரப்பர்ஸ்டாம்ப்மேட்னஸ் என்ற இதழ் தொடங்கப்பட்டது. 1988இல் தொடங்கப்பட்ட ஸ்டாம்பின் அப் நிறுவனம் கடைகளில் விற்காமல், வீடுகளில் நண்பர்களைக் கூட்டிச் செய்துகாட்டி விற்கும் முறையைக் கையாண்டது. ஒருவர் மற்றொருவருக்குக் கற்றுத்தரும் கலையாக இது பரவியமைக்கு இத்தகைய கூடுகைகளும் ஒரு காரணம். செலவு குறையும் என்பதால் மக்கள் இதைச் செய்கின்றனர் என்று சிலர் எழுதுவதுண்டு. அது ஏற்புடையதன்று. முத்திரை, மை, வெப்பக் கருவி ஆகியவற்றுக்கு ஆகும் செலவில் அச்சிட்ட அட்டைகளைப் பெட்டி பெட்டியாக வாங்கிவிடலாம்.

சுண்ணம்

இயற்கைச் சுண்ணம் கால்சியம் கார்பனேட்டு ஆகும். இன்றைய பள்ளிச் சாக்பீஸ்களில் பெரும்பாலானவை ஜிப்சம் எனப்படும் கால்சியம் சல்பேட்டால் ஆனவை. இவை வாழ்த்தட்டைக்குப் பயன்படா. இவற்றில் நிறமி மிகக் குறைவு, கட்டியும் கடினம்.

வாழ்த்தட்டைக்குப் பயன்படுவது ஓவியர்கள் மென் பாஸ்டல் என்று அழைக்கும் வகையைச் சார்ந்தது. நிறமித் தூள், வெண்மைக்கும் பருமனுக்குமாகச் சேர்க்கும் சுண்ணம் அல்லது அதுபோன்ற தூள், கட்டியாக நிற்பதற்கு மட்டும் போதுமான சிறிதளவு பசை ஆகிய மூன்றும் இதில் உள்ளன. நீர்வண்ணத்திலும் எண்ணெய் வண்ணத்திலும் நிறமியைச் சுற்றிப் பசையோ எண்ணெயோ சூழ்ந்திருக்கும். பாஸ்டலில் நிறமித் துகள்களுக்கு இடையே பெரும்பாலும் காற்றே இருக்கின்றது. அதன் மென்மையான, வெல்வெட்டுப் போன்ற தோற்றத்துக்கும், தொட்டால் கையோடு வந்துவிடும் குறைக்கும் காரணம் ஒன்றே. 18ஆம் நூற்றாண்டில் வெனிசு நகரின் ரோசால்பா கரியேரா போன்றோர் பாஸ்டலில் வரைந்த உருவப்படங்கள் கண்ணாடிக்குப் பின்னால் சட்டமிடப்பட்டே பாதுகாக்கப்படுகின்றன. வாழ்த்தட்டைக்கு அந்த வசதி கிடையாது.

கடைகளில் அட்டைக் கலைக்கென்று விற்கப்படும் சுண்ணங்கள் சிறு சதுரக் கட்டிகளாக, ஒப்பனைப் பெட்டி போன்ற பெட்டியில் வருகின்றன. ஓவியர்களுக்கான மென் பாஸ்டல் குச்சியைக் கத்தி முனையால் சுரண்டிப் பொடியாக்கியும் பயன்படுத்தலாம். எண்ணெய்ப் பாஸ்டல் முற்றிலும் வேறானது. அதில் மெழுகும் எண்ணெயும் இருப்பதால் பொடியாகாது. ஓவியர்களுக்கான சில பாஸ்டல்களில் காட்மியம் போன்ற நச்சு உலோகங்களின் சேர்மங்கள் நிறமியாக உள்ளன. சிறுவர்கள் செய்யும்போது நச்சற்றது எனக் குறிப்பிடப்பட்ட வகையையே வாங்குதல் வேண்டும். மிகுதியான பொடியை வாயால் ஊதுவது கூடாது. ஊதினால் தூசி மூச்சில் சேரும், எச்சில் துளி பட்ட இடத்தில் அழியாத புள்ளியும் விழும். அட்டையைச் சாய்த்துப் பின்புறம் தட்டினால் போதும்.

மை

அலுவலகங்களில் ஸ்டாம்பு பேடு எனப்படும் மைத்திண்டுகளைப் போன்றவையே இங்கும் பயன்படுகின்றன. ஆனால் உள்ளே இருக்கும் மை ஒரே வகையினது அன்று. சாய மை தாளின் இழைகளுக்குள் ஊறி விரைவில் உலர்ந்துவிடும். எழுத்துக்கும் மெல்லிய கோட்டுக்கும் இது உகந்தது. நிறமி மை தாளின் மேற்பரப்பில் தங்கி மெதுவாக உலரும். பளபளப்புத் தாளில் பதித்தால் நெடுநேரம் உலராமலே இருக்கும். கரைப்பான் மை பளபளப்புத் தாளிலும் நெகிழியிலும் கூட உலரும். சுண்ண மை என்ற பெயரிலும் ஒரு வகை விற்கப்படுகின்றது. உலர்ந்தபின் சுண்ணத்தால் வரைந்தது போல மங்கலாகத் தோன்றுவதால் அதற்கு அப்பெயர். பொடியைத் தொடாமல் ஏறக்குறைய அதே தோற்றத்தைப் பெற விரும்புவோருக்கு அது போதுமானது.

சுண்ணத்துடன் இணைந்து செயற்படுவது இவற்றுள் நிறமி மையும், அதன் நிறமற்ற உடன்பிறப்பான நீர்க்குறி மையும் ஆகும். சப்பானிய நிறுவனமான சுகினேகோவின் வெர்சாமார்க் இவ்வகையில் பெயர்பெற்றது. இதனைத் தாளில் பதித்தால் எண்ணெய்க் கறை போன்ற இலேசான நிழல் மட்டும் தெரியும். இந்த ஈரம் சில நிமிடங்கள் வரை நீடிக்கும். அந்நேரத்துக்குள் அதன்மேல் என்ன தூவப்படுகின்றது என்பதைப் பொறுத்து இரு எதிரெதிரான விளைவுகள் உண்டாகின்றன.

முதலாவது, ஈரத்தின் மேல் நேரடியாகச் சுண்ணப்பொடியைத் தொட்டு வைப்பது. மை பட்ட இடத்தில் பொடி அடர்த்தியாகப் பிடித்துக்கொள்ளும், படாத இடத்தில் துடைத்தால் போய்விடும். கண்ணுக்குத் தெரியாதிருந்த உருவம் வண்ணத்தில் எழுந்து வரும். சுண்ணத்தில் இல்லாத பசையை இங்கு மை தருகின்றது.

இரண்டாவது, ஈரத்தின் மேல் நிறமற்ற புடைப்புப் பொடியைத் தூவிச் சூடாக்குவது. புடைப்புப் பொடி என்பது வெப்பத்தில் உருகும் பிசினின் நுண்துகள். உருகி ஆறியதும் முத்திரையின் கோடுகள் மேல் கண்ணாடி போன்ற வழவழப்பான படலம் உண்டாகும். இதன்பின் அட்டை முழுவதும் சுண்ணத்தைத் தேய்த்தாலும் படலத்தின் மேல் பொடி நிற்காது. மெல்லிய துணியால் ஒருமுறை துடைத்தால் உருவம் தாளின் வெண்மையிலேயே தெளிந்து நிற்கும். அதே முத்திரை, அதே மை, சூடாக்கினால் நிறத்தை விலக்குகின்றது, சூடாக்காவிட்டால் ஈர்க்கின்றது.

குளிர்காலக் காட்சிக்கு இவ்விரண்டாம் விளைவு பெரிதும் பொருந்துகின்றது. வெண்தாளில் பனியை வரைய வேண்டியதில்லை. பனி அல்லாத இடங்களுக்கு நிறமூட்டி, பனியை விட்டுவிட வேண்டும். தொடக்கநிலையில் உள்ளோர் வெள்ளை வண்ணத்தைத் தேடுவதே வழக்கமான தவறு.

தாளும் முத்திரையும்

சுண்ணம் பிடிப்பதற்குத் தாளில் சிறிது சொரசொரப்பு வேண்டும். பொடி அந்த நுண்ணிய மேடுபள்ளங்களில் சிக்கி நிற்கின்றது. ஆனால் சொரசொரப்பு மிகுந்தால் முத்திரையின் மெல்லிய கோடுகள் விட்டுவிட்டுப் பதியும். ஆகவே பூச்சு இல்லாத, ஓரளவு வழவழப்பான தடித்தாளே நடுவழியாகும். சதுர மீட்டருக்கு 200 முதல் 300 கிராம் வரையிலான எடை ஏற்றது.

ஏ4 தாளைக் குறுக்கே இரண்டாக வெட்டினால் 148 x 210 மி.மீ அளவுள்ள இரு துண்டுகள் கிடைக்கும். ஒவ்வொன்றையும் நடுவில் மடித்தால் 105 x 148 மி.மீ அளவில் ஓர் அட்டை. இது 114 x 162 மி.மீ அளவுள்ள சி6 உறையில் சரியாக அமரும். அமெரிக்காவில் 8.5 x 11 அங்குலத் தாளை இவ்வாறே வெட்டி மடித்து 4.25 x 5.5 அங்குல அட்டை பெறப்படுகின்றது.

தடித்தாளை வெறுமனே மடித்தால் மடிப்பில் தாள் வெடித்து இழைகள் தெரியும். முதலில் அளவுகோலை வைத்து, கூரற்ற கருவியொன்றால் கோடு அழுத்தி, அக்கோட்டில் மடித்தல் வேண்டும். எலும்பில் செய்த மடிப்புக் கருவி இதற்கெனக் கிடைக்கின்றது. மை தீர்ந்த பந்துமுனைப் பேனாவும் போதும். தாள் ஆலையில் உருவாகும்போது இழைகள் பெரும்பாலும் ஒரே திசையில் படிகின்றன. அத்திசைக்கு இணையாக மடித்தால் மடிப்பு நேர்த்தியாக வரும். இரு திசையிலும் தாளை இலேசாக வளைத்துப் பார்த்து, எளிதாக வளையும் திசையைக் கண்டுகொள்ளலாம்.

ரப்பர் முத்திரைகள் இரு வகைப்படும. செந்நிற ரப்பர் முத்திரைக்கு முதலில் உலோகத் தகட்டில் உருவம் அரிக்கப்பட்டு, அதிலிருந்து அச்சுக்குழி எடுக்கப்படுகின்றது. அக்குழியில் ரப்பரை வைத்துச் சுமார் 150 பாகை செல்சியசு வெப்பத்தில் அழுத்தி வல்கனாக்கம் செய்து, மரக்கட்டையில் ஒட்டுவர். நிறமற்ற முத்திரை, புற ஊதா ஒளியில் இறுகும் திரவப் பல்லுறுப்பியால் ஆனது. இதை அக்ரிலிக் கட்டியில் ஒட்டிப் பயன்படுத்துவதால் பதியும் இடத்தை ஊடே பார்க்க முடிகின்றது. இவ்வகை வெயிலில் மஞ்சளாகும். நுண்ணிய கோடுகளை ரப்பரே தெளிவாகப் பதிக்கின்றது. இடம் பிசகாமல் வைப்பதற்கு நிறமற்றது வசதியானது.

முத்திரையில் மையிடும்போது திண்டை மேலிருந்து முத்திரையின் மீது தட்ட வேண்டும். முத்திரையைத் திண்டில் அழுத்தினால் ஓரங்களிலும் மை ஏறிக் கறை விழும். பதிக்கும்போது ஆட்டாமல், சாய்க்காமல் நேராக அழுத்தி நேராக எடுத்தல் வேண்டும்.

செய்முறை

நிலவொளியில் பனிக்குன்றும், மரங்களும், முன்னால் ஒரு சிவந்த பறவையும் கொண்ட அட்டை எடுத்துக்காட்டாக இங்கு தரப்படுகின்றது. படத்தை மடித்த அட்டையின் மேல் நேரடியாகச் செய்யாமல் 95 x 138 மி.மீ அளவுள்ள தனித் துண்டில் செய்து, இறுதியில் அட்டையின் முகப்பில் ஒட்டுவர். துண்டு கெட்டால் துண்டு மட்டுமே வீணாகும். சுற்றிலும் 5 மி.மீ ஓரம் சட்டம் போல் அமைவது கூடுதல் நன்மை.

முதலில் மரங்கள். தாளில் நிலைமின்னூட்டம் இருந்தால் புடைப்புப் பொடி வேண்டாத இடங்களிலும் ஒட்டும். சோளமாவு அல்லது முகப்பவுடரைச் சிறு துணியில் முடிந்து தாளின் மேல் இலேசாகத் தட்டினால் இது தவிர்க்கப்படும். பின்னர் ஊசியிலை மர முத்திரையை நீர்க்குறி மையில் தோய்த்து இரண்டு மூன்று இடங்களில் பதித்து, புடைப்புப் பொடியைத் தாராளமாகத் தூவி, மிகுதியை ஒரு தாளில் கொட்டிப் புட்டியில் சேர்த்துவிட வேண்டும். இனி வெப்பக் காற்றுக் கருவியைச் சில அங்குலத் தொலைவில் பிடித்துச் சூடாக்கினால், தூளாக இருந்தது திடீரெனப் பளபளக்கும். பளபளத்த உடனே கருவியை அடுத்த இடத்துக்கு நகர்த்த வேண்டும். மிகுந்த சூட்டில் படலம் தாளுக்குள் இறங்கி எண்ணெய்க் கறை போலாகிவிடும். தலைமுடி உலர்த்தும் கருவி இதற்கு உதவாது. அதில் காற்று மிகுதி, வெப்பம் குறைவு. பொடி உருகுவதற்கு முன் பறந்துவிடும். வெப்பக் காற்றுக் கருவியின் முனை தோலைச் சுடும் அளவு சூடாகும் என்பதால் சிறுவர்கள் பெரியவர் துணையுடனேயே இதைச் செய்தல் வேண்டும்.

அடுத்து நிலவு. பின்புறம் இலேசாக ஒட்டும் குறிப்புத் தாளில் ஒரு நாணயத்தை வைத்து வட்டம் வரைந்து, வெட்டி, வானத்தில் வேண்டிய இடத்தில் ஒட்ட வேண்டும். இது மறைப்பு எனப்படும்.

பின்னர் குன்றுகள். சாதாரணத் தாளை ஒழுங்கற்ற அலை போலக் கையால் கிழித்து, கிழிந்த விளிம்பு மேலே இருக்குமாறு துண்டின் குறுக்கே வைக்க வேண்டும். இளநீலச் சுண்ணத்தைப் பஞ்சுருண்டையில் எடுத்து, கிழித்த தாளின் மேலிருந்து தொடங்கி விளிம்பைக் கடந்து மேல்நோக்கித் தேய்க்க வேண்டும். தாளை எடுத்ததும் விளிம்பில் கூர்மையாகத் தொடங்கி மேலே செல்லச் செல்ல மறையும் நீலமும், அதன் கீழ் வெண்மையான குன்றும் தெரியும். கிழித்த தாளைச் சிறிது கீழே இறக்கி மீண்டும் தேய்த்தால் அடுத்த குன்று. தொலைவில் உள்ள குன்றிலிருந்து தொடங்கிக் கீழே வருவதே முறை. இவ்வாறு செய்யும்போது கீழே உள்ள பகுதி மறைப்புத் தாளால் காக்கப்படுகின்றது. பனியின் நிழலுக்குச் சாம்பல் நிறத்தை விட நீலமே இயல்பாகத் தோன்றும். வெயில் நேரே படாத பனியில் நீல வானத்தின் ஒளியே விழுகின்றது என்பதால், பகலில் பனிமேல் விழும் நிழல் உண்மையாகவே நீலமாகத் தெரியும். இரவுக் காட்சிக்கும் ஓவியர்கள் இந்நிறத்தையே ஏற்றுக்கொண்டுள்ளனர்.

வானத்துக்குக் கருநீலம். ஓரங்களில் அடர்த்தியாகவும் நிலவை நெருங்க நெருங்க மெலிதாகவும், சிறு வட்டங்களாகத் தேய்க்க வேண்டும். ஒரே தடவையில் அழுத்தித் தேய்த்தால் திட்டுத் திட்டாகும். சிறிது சிறிதாக மூன்று நான்கு முறை ஏற்றுவது நன்று. குறிப்புத் தாளை உரித்ததும் நிலவு வெண்மையாகத் தோன்றும். மரங்களின் மேல் படிந்த பொடியை மெல்லிய துணியால் துடைத்தால் பனி சுமந்த மரங்கள் வெளிப்படும். இச்சில நொடிகளுக்காகவே பலர் இம்முறையை விரும்புகின்றனர் எனலாம்.

இறுதியில் பறவை. முன்புறக் குன்றில் சுண்ணம் படாத வெண்மையான இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சுண்ணம் பூசிய இடத்தில் முத்திரையிட்டால் பொடி ரப்பரில் ஒட்டி, பதிவும் மைத்திண்டும் கெடும். நீர்க்குறி மையில் பறவை முத்திரையைப் பதித்து, அது ஈரமாக இருக்கும்போதே பஞ்சுக்குச்சியால் சிவப்புச் சுண்ணத்தைத் தொட்டுத் தொட்டு வைக்க வேண்டும். தேய்த்தல் கூடாது. கண்ணிமை ஒப்பனைக்கான பஞ்சுமுனைத் தூரிகையும் இதற்குப் பொருத்தமானது. சில நிமிடம் விட்டு, மிகுதியை மென்தூரிகையால் தள்ளிவிட்டு, வெளியே சிதறிய சிவப்பை மென்மையான அழிப்பானால் ஒற்றி எடுத்தால் பணி முடிந்தது. வாழ்த்துச் சொற்களைக் கறுப்புச் சாய மையில் அட்டையின் உட்புறத்தில் பதிப்பதே பாதுகாப்பானது.

அமெரிக்க அட்டைகளில் இப்பறவை பெரும்பாலும் கார்டினல் ஆகும். கிழக்கு வட அமெரிக்காவில் குளிர்காலத்திலும் இடம்பெயராமல் தங்குவதால் பனியில் அதன் சிவப்பு எடுப்பாகத் தெரியும். பிரித்தானிய அட்டைகளில் அவ்விடத்தை ராபின் பிடித்துள்ளது. விக்டோரியா காலத்து அஞ்சற்காரர்கள் சிவப்புச் சீருடை அணிந்தமையால் ராபின்கள் என்று செல்லமாக அழைக்கப்பட்டனர். அலகில் கடிதத்துடன் ராபின் நிற்கும் அட்டைகள் அக்காலத்தில் வெளிவந்தன.

பனிச்சீவல்

பனிச்சீவல் முத்திரை வாங்கும்போது கைகளை எண்ணிப் பார்ப்பது நல்லது. பனிப்படிகத்தில் நீர் மூலக்கூறுகள் அறுகோண அமைப்பில் அடுக்கப்படுவதால் சீவலுக்கு ஆறு கைகள் அமைகின்றன. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து விவசாயி வில்சன் பென்ட்லி 1885ஆம் ஆண்டு சனவரி 15 அன்று தனியொரு பனிப்படிகத்தை நுண்ணோக்கி வழியாக ஒளிப்படம் எடுத்தார். பின்னர் 5000க்கும் மேற்பட்ட படங்களை எடுத்தார். அவற்றின் தொகுப்பு 1931இல் நூலாக வெளிவந்தது. இத்தனைக்குப் பின்னும் எட்டுக் கைகள் கொண்ட சீவல்கள் அட்டைகளிலும் அலங்காரத் தாள்களிலும் தொடர்ந்து காணப்படுகின்றன. தாளை மும்முறை பாதியாக மடித்து வெட்டினால் எட்டுக் கைகளே வரும் என்பது இதற்கு ஒரு காரணமாகலாம். ஆறு வேண்டுமாயின் பாதியாக மடித்த தாளை 60 பாகைக் கோணத்தில் மூன்றாக மடித்தல் வேண்டும்.

நிலைப்படுத்தலும் அஞ்சலும்

அஞ்சல் நிலையங்களில் கடிதங்கள் உருளைகளுக்கும் பட்டைகளுக்கும் இடையே அழுத்தப்பட்டு விரைந்து செல்கின்றன. உறையின் உட்புறம் அட்டையின் முகப்பில் உராய்கின்றது. ஈர மையில் பிடித்த சுண்ணம் இதை ஓரளவு தாங்கும். வானம், குன்று போல வெறும் தாளில் தேய்த்த சுண்ணம் தாங்காது.

ஓவியர்கள் பயன்படுத்தும் நிலைப்படுத்தும் தெளிப்பு இதற்கு ஒரு வழி. கரைப்பானில் கரைந்த பிசின் துகள்களுக்கு இடையே இறங்கி அவற்றைப் பிணைக்கின்றது. ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. துகள்களுக்கு இடையே இருந்த காற்றின் இடத்தைப் பிசின் பிடிப்பதால் ஒளிச்சிதறல் குறைந்து நிறம் சற்றுக் கறுக்கும். ஆகவே வானத்தைத் தேவைக்குச் சிறிது வெளிறலாக வைத்து, எட்ட நின்று மெலிதாக இருமுறை தெளிப்பது உகந்தது. திறந்த வெளியிலேயே தெளிக்க வேண்டும். தலைமுடிக்கான தெளிப்பைப் பலர் மாற்றாகக் கூறுவர். அது நாளடைவில் மஞ்சளாகக் கூடியது என்பதால் பாதுகாத்து வைக்கும் நோக்குள்ள அட்டைக்கு ஏற்றதன்று.

தெளிப்பை விரும்பாதோர், படத்துண்டின் மேல் நடுவில் சாளரம் வெட்டிய தடித்தாள் சட்டத்தை ஒட்டுகின்றனர். படம் சட்டத்தின் தடிப்பளவு உள்ளே அமிழ்வதால் உராய்வு குறையும். மெல்லிய வழவழப்பான தாள் ஒன்றை முகப்பின் மேல் வைத்து உறையிடுவது எல்லாவற்றிலும் எளியது.

அட்டையின் வடிவம் கட்டணத்தையும் பாதிக்கும். அமெரிக்க அஞ்சல் சேவையில் சதுர உறைகளும், விறைப்பான அல்லது தடிப்புச் சீரற்ற கடிதங்களும் இயந்திரத்தில் செல்லத் தகாதவை எனக் கொள்ளப்பட்டு, கூடுதல் கட்டணம் பெறுகின்றன. பொத்தான், மணி, தடித்த நாடா முடிச்சு ஆகியவற்றை ஒட்டுவோர் இதைக் கருத்திற் கொள்ள வேண்டும்.

தமிழில் வாழ்த்து

ஆங்கில வாழ்த்து முத்திரைகள் எளிதில் கிடைப்பது போலத் தமிழ் முத்திரைகள் கிடைப்பதில்லை. புத்தாண்டுக்கோ தைப்பொங்கலுக்கோ அட்டை செய்வோர் பென்சில் அழிப்பானைச் செதுக்கிச் சொந்தமாகச் செய்துகொள்ளலாம். எழுத்து இடவலம் மாறியிருக்க வேண்டும் என்பதே இதில் குழப்பம் தரும் பகுதி. மெல்லிய தாளில் பென்சிலால் நேராக எழுதி, எழுதிய பக்கத்தை அழிப்பானின் மேல் கவிழ்த்துத் தேய்த்தால் எழுத்து தானாகவே மாறிப் பதியும். தமிழ் எழுத்துகளில் சுழிகள் மிகுதியாதலால் சிறிய அளவில் செதுக்குவது கடினம். ஒரு பெரிய எழுத்தை மட்டும் செதுக்கி, மற்றவற்றைக் கையால் எழுதுவது பொருத்தமான தீர்வாகும். வெண்டைக்காயையும் உருளைக்கிழங்கையும் வெட்டி வண்ணத்தில் தோய்த்துப் பதிக்கும் பள்ளி வழக்கத்தை அறிந்தோருக்கு இது புதிதன்று. வெண்டைக்காயின் குறுக்குவெட்டு பெரும்பாலும் ஐந்து முனைகளைத் தருவதால் அது பூவுக்கு உதவும், பனிச்சீவலுக்கு உதவாது.

பதிப்புரிமை

முத்திரையில் உள்ள ஓவியம் அதனை வரைந்தவர் அல்லது வெளியிட்ட நிறுவனத்தின் பதிப்புரிமைக்கு உட்பட்டது. முத்திரையை விலைக்கு வாங்குவதனால் அவ்வுரிமை வாங்கியவருக்கு வந்துவிடுவதில்லை. சொந்தப் பயனுக்காக அட்டை செய்து அனுப்புவதில் சிக்கல் எழுவதில்லை. செய்த அட்டைகளை விற்க விரும்பினால் நிறுவனத்தின் விதிகளைப் பார்க்க வேண்டும். கையால் ஒவ்வொன்றாகப் பதித்த அட்டைகளை விற்க அனுமதிக்கும் விதியைப் பல அமெரிக்க முத்திரை நிறுவனங்கள் கொண்டுள்ளன. இது அவ்வட்டாரத்தில் ஏஞ்சல் கொள்கை எனப்படுகின்றது. பதித்த படத்தை ஒளிநகல் எடுத்தோ வருடி அச்சிட்டோ விற்பதை இக்கொள்கை பொதுவாக அனுமதிப்பதில்லை.